வாங்க என்று சொல்லாத வீடு

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனால் தண்ணீர்ச் சொம்பு வருவதற்கு முன்னால் ஒரு சொல் வந்துவிடும். வாங்க. முகம் கொடுத்துப் பேசாத பங்காளி வந்தாலும் வாங்க. ஓட்டுக் கேட்டு வந்தாலும் வாங்க. வழி தவறி யார் வீட்டுக் கதவையோ தட்டியவனுக்கும் முதலில் வாங்க, அப்புறம்தான் நீங்க யாருங்க.

ரெபேக்கா கிணத்துக்கடவில் பிறந்து வளர்ந்தவள். அந்தச் சொல் அவள் வாயில் யோசிக்காமல் வரும். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் வரும். வேலை முடிந்து கணவன் ஸ்டீவ் வீட்டுக்கு வரும்போது, தினமும் வாசலில் நின்று விருந்தாளியை அழைப்பதுபோல “வாங்க, வாங்க” என்று இரண்டு தடவை சொல்வாள். அவனும் தினமும் சிரிப்பான்.

அதனால்தான், சிங்காநல்லூர்க் குளத்துக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய மாடி வீட்டின் முன்னால் சாமான் ஏற்றிய டெம்போவோடு இருவரும் போய் நின்ற காலையில், அவளுக்கு ஏதோ ஒன்று குறைவதுபோல இருந்தது. வீட்டுக்காரர் அரங்கசாமியும் அவர் மனைவி தெய்வாத்தாளும் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். கேட்டைத் திறந்தார்கள். சிரித்தார்கள். கையை நீட்டி, உள்ளே போகும்படி சைகை காட்டினார்கள்.

வாங்க என்று மட்டும் சொல்லவில்லை.

“நம்மளப் புடிக்கலையோ என்னமோங்க,” என்றாள் ரெபேக்கா, சமையலறையில் பாத்திரங்களை இறக்கிக்கொண்டே.

“உங்கம்மா ஊட்டுல வாங்க வாங்கன்னு வாய் நெறையத்தான் கூப்பிட்டாங்க,” என்றான் ஸ்டீவ். “கூப்பிட்டு உன்னையக் கொண்டாந்து என் தலையில கட்டிப்போட்டாங்க. இவுங்க கூப்பிடாம இருக்கறதே நல்லது அம்மணி.”

அவள் கையில் இருந்த கரண்டியால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஸ்டீவ் பம்பு செட் கம்பெனியில் வேலை பார்த்தான். பெரிய உடம்பு, ஆனால் பச்சைத் தண்ணீர் ஆகாது. சித்திரை வெயிலிலும் வெந்நீர் வேண்டும், இல்லையென்றால் தும்மித் தீர்த்துவிடுவான். ரெபேக்கா அண்டாவில் வெந்நீர் வைத்து, விரலை விட்டுப் பார்த்து, பதமாகக் கலந்து வைப்பாள். அப்பாவைச் சிறு வயதில் பறிகொடுத்தவள் அவள். அவளுக்கென்று இருந்தது கிணத்துக்கடவில் அம்மாவும் இங்கே இவனும். அம்மா மேல் பாசம். இவன் மேல் உயிர். இவன் இல்லாவிட்டால் என்ன செய்வோம் என்று அவள் நினைத்துப் பார்த்ததே கிடையாது. அந்த நினைப்பே அவளுக்குப் பயமாக இருந்தது.

கீழ் வீடு வசதியாகத்தான் இருந்தது. பின்பக்கம் துணி துவைக்கும் கல், ஒரு தென்னை, அதன் கீழே செப்டிக் டேங்க். சதுரமான சிமெண்ட் மூடி, நடுவில் துருப்பிடித்த இரும்பு வளையம். மழை பெய்யாத நாளிலும் அந்த மூடி மட்டும் ஈரமாக இருக்கும். வீட்டுக்குள் எப்போதும் லேசான ஒரு வாடை. சாக்கடை வாடை என்று சொல்லிவிட முடியாது. ஈரத் துணியை மூட்டையாகக் கட்டி மறந்துவிட்டால் வருமே, அந்த மாதிரி.

முதல் வாரத்தில் ரெபேக்கா கொஞ்சம் அரிசிம்பருப்புச் சாதம் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். தெய்வாத்தாள் கதவைத் திறந்து, தலையை மட்டும் அசைத்தாள். கூடத்தில் ஓர் இளைஞனின் படம் மாட்டியிருந்தது. மாலை இல்லை, விளக்கும் இல்லை.

“உங்க பையனுங்களா?”

“ஆமாங்க. பூபதி.”

“வெளியூர்ல இருக்காருங்களா?”

“இல்லீங்க அம்மணி.” தெய்வாத்தாள் தரையைப் பார்த்தாள். “பக்கத்துலதான்.”

ஐப்பசி மழை பிடித்த பிறகுதான் தொந்தரவு தொடங்கியது. குளியலறையில் தண்ணீர் இறங்க மறுத்தது. ஊற்றிய தண்ணீர் கணுக்கால் வரை நிற்கும். வெகு நேரம் கழித்துத் துளை ஒரு மடக்கு விழுங்கும். பிறகு நிறுத்திவிடும். மறுபடி ஒரு மடக்கு. ஸ்டீவ் சாக்கடைக் குழாயின் சேம்பரைத் திறந்து நீளமான மூங்கில் பிளாச்சால் குத்திப் பார்த்தான். அடைப்பு எதுவும் தட்டுப்படவில்லை. பிளாச்சு தங்கு தடையில்லாமல் போயிற்று. வெளியே இழுக்கும்போதுதான் வர மறுத்தது.

“அந்தப் பக்கம் யாரோ புடிச்சுட்டு இருக்கற மாதிரி இருக்குது,” என்று சிரித்தான் ஸ்டீவ்.

ரெபேக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மத்தியானம் துணி அலசும்போது, குளியலறைத் துளைக்குள் யாரோ இருமுவதை அவள் கேட்டிருந்தாள். தொண்டையில் சளி கட்டிய இருமல். அதன் பிறகு, மூச்சு வாங்கும் சத்தம்.

அவள் ஸ்டீவிடம் சொன்னாள். குழாய்க்குள் காற்று அடைத்துக்கொண்டால் அப்படித்தான் சத்தம் வரும் என்றான். பம்பு செட் வேலை பார்ப்பவன் சொன்னால் நம்பத்தான் வேண்டும்.

அரங்கசாமியிடம் சொன்னபோது அவர் ரொம்பத் தன்மையாகப் பேசினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ங்க போட்டார்.

“வண்டியக் கூப்பிட்டுக்குங்க. ஆனா நீங்களே கூப்பிடுங்க. பேசறதும் நீங்களே பேசுங்க. வர்றவங்கள நல்லாக் கவனிச்சுக்குங்க அம்மணி, வாயார ஒரு வார்த்தை பேசுங்க. அதுல என்னங்க இருக்குது.”

இவ்வளவு நல்ல மனுசரைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று ரெபேக்கா வருத்தப்பட்டாள்.

செப்டிக் டேங்க் வண்டி ஓட்டுகிற நசுருதீனைப் போனில் பிடித்தாள். சனிக்கிழமை மத்தியானம் வருவதாகச் சொன்னார். “வந்ததும் பாத்ரூமுல தண்ணி ஊத்திப் பாக்கோணுங்க. ஒரு ஆளு உள்ள வரும், கதவத் தொறந்து விட்டுருங்க.”

சனிக்கிழமை தூறலும் வெயிலுமாக இருந்தது. ஸ்டீவ் அரை நாள் வேலை முடித்து வந்து, முன்வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரெபேக்கா வண்டிக்காரர்களுக்கும் சேர்த்து டீ போட்டுக்கொண்டிருந்தாள். பால் பொங்கும் நேரம். கண்ணை எடுக்க முடியாது.

“ஏனுங்க.”

குளியலறைப் பக்கமிருந்து குரல். ஆண் குரல், கரகரத்த குரல். ஆனால் மரியாதையான குரல்.

“ஏனுங்க, மேல வரட்டுங்களா?”

வண்டிக்கார ஆள்தான். பின்பக்கமிருந்து குளியலறைக்கு இரண்டு படி ஏற வேண்டும். அதைத்தான் கேட்கிறார். கால் சேறாக இருக்கும், கூச்சப்படுகிறார் பாவம். ரெபேக்கா பாலை இறக்கிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

“வாங்க, வாங்க.”

யாரும் வரவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாள். குளியலறையில் ஆளில்லை. துளையிலிருந்து கறுப்புத் தண்ணீர் பொங்கி வந்து தரையெல்லாம் பரவியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவ்வளவு தண்ணீரும் ஒரே மடக்கில் உள்ளே போயிற்று. துளைக்குள் யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

பின்கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

தெருமுனையில் அப்போதுதான் வண்டியின் ஹாரன் கேட்டது.

மேலே, மாடியில், தெய்வாத்தாள் அழத் தொடங்கினாள். துக்கத்தில் அழுகிற அழுகை இல்லை அது. தொலைந்துபோன பிள்ளை தெருவில் வருவதைப் பார்த்துவிட்ட தாய் அப்படித்தான் அழுவாள்.

ரெபேக்கா ஸ்டீவிடம் ஓடினாள். ஆனால் என்ன சொல்வது? குளியலறையில் யாரோ கேட்டார்கள், நான் வாங்க என்றேன். அவ்வளவுதானே. சொல்லிப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. அவள் சொல்லி முடிப்பதற்குள் நசுருதீன் ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் போய்விட்டார்.

நசுருதீனும் அவருடைய ஆளும் கடப்பாரை போட்டு மூடியை நெம்பினார்கள். அது நகர்ந்ததும் உள்ளிருந்து வந்த வாடையில் தென்னை மரத்துக் காக்கைகள் கத்திக்கொண்டு பறந்தன.

“காத்து வெளிய போகட்டுங்க,” என்றார் நசுருதீன். “யாரும் கிட்டக்க நிக்க வேண்டாம். எட்டியும் பாக்காதீங்க. வெசக் காத்து ஆளப் பாத்து அடிக்காது.”

ஸ்டீவ் துவைக்கிற கல்லருகே தள்ளி நின்றான். ஹோஸை உள்ளே விட்டு மோட்டாரைப் போட்டார்கள். தெருவில் நின்ற வண்டி உறுமியது. வெகு நேரம் இழுத்தார்கள். நசுருதீன் தூரத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்து, தலையைச் சொறிந்தார்.

“வண்டி நெறையப் போகுது, உள்ள ஒரு சாண் கூடக் குறையலை. இந்த மாதிரி நான் பாத்ததில்லைங்க.” வால்வை அடைப்பதற்காக அவர் தெருப்பக்கம் போனார். அவருடைய ஆளும் பின்னாலேயே போனான்.

பின்பக்கம் ஸ்டீவ் மட்டும் இருந்தான்.

ரெபேக்கா சமையலறை ஜன்னலில் நின்றாள். கம்பி போட்ட ஜன்னல். கையில் டீ டம்ளர்கள். ஸ்டீவை உள்ளே கூப்பிட நினைத்தாள். வாயைத் திறக்கும் முன் அந்தக் குரல் கேட்டது.

“வாங்க, வாங்க.”

அவளுடைய குரல்.

அவள் சொல்லவில்லை. அவள் உதடு அசையவில்லை. டேங்குக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. சற்று முன் பாலை இறக்கிக்கொண்டு சொன்னாளே, அதே குரல். அதே இழுப்பு. தினமும் வாசலில் நின்று ஸ்டீவை அழைக்கிற குரல்.

ஸ்டீவ் திடுக்கிட்டுக் குழியைப் பார்த்தான்.

“ரெபேக்கா?”

“நான் இங்க இருக்கறனுங்க,” என்று கத்தினாள். டம்ளர்கள் கீழே விழுந்தன. “இங்க பாருங்க. போகாதீங்க. கிட்டக்கப் போகாதீங்க.”

அவன் ஜன்னலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் சாகிற வரை மறக்க மாட்டாள். அதில் பயம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. போகாதீங்க என்று அவள் அவனிடம் ஒரு நாளும் கத்தியதில்லை. அந்தக் கத்தல் அவனுக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. குழிக்குள்ளிருந்து வந்ததுதான் அவன் பெண்டாட்டியின் குரல்.

“வாங்க, வாங்க.”

இப்போது அதில் லேசாக அழுகை கலந்திருந்தது.

ரெபேக்கா பின்கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் இறுகிக்கொண்டது. இரண்டு கையாலும் இழுத்தாள். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்டீவ் சொன்னது தெளிவாகக் கேட்டது. குழியைப் பார்த்துத்தான் சொன்னான்.

“பயப்படாத. வாரேன்.”

தாழ்ப்பாள் விட்டது.

பின்பக்கத்தில் யாரும் இல்லை. துவைக்கிற கல்மேல் அவனுடைய செருப்பு ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. வீட்டுக்குள் வரும்போது வாசலில் கழற்றுவதுபோல.

அவள் குழிக்குள் பாயப் போனபோது நசுருதீன் ஓடி வந்து இடுப்பைப் பிடித்து இழுத்தார். அவள் அவர் கையைக் கடித்தாள். அவர் விடவில்லை. மண்ணில் புரண்டு மல்லாந்தபோது அவள் மாடியைப் பார்த்தாள். அரங்கசாமியும் தெய்வாத்தாளும் பால்கனியில் நின்றிருந்தார்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார்கள். தெய்வாத்தாள் முந்தானையால் தன் வாயை இறுகப் பொத்தியிருந்தாள். அரங்கசாமியின் இரண்டு கையும் கும்பிட்டபடி இருந்தன.

ஒருத்தரும் ஒரு சத்தம் கொடுக்கவில்லை.

தீயணைப்புக்காரர்கள் வந்து ஸ்டீவை வெளியே எடுத்தார்கள். கவனக்குறைவு என்று போலீசில் எழுதிக்கொண்டார்கள். சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. போதகர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். சாவு வீட்டில் போய்ட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது என்பதால், வந்தவர்கள் எல்லாரும் ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழுந்து போனார்கள். வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் அந்தப் பெட்டிக்குள் இருந்தவன் மட்டும்தான்.

சில வாரம் கழித்து, மிச்சச் சாமானை எடுக்க ரெபேக்கா தனியாக அந்த வீட்டுக்கு வந்தாள். கேட்டில் கை வைத்ததும் மாடியிலிருந்து தெய்வாத்தாள் இறங்கி ஓடி வந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி. தலையில் பூ.

“வாங்க அம்மணி, வாங்க. உள்ள வாங்க.”

அவ்வளவு நாளும் சொல்லாத சொல்லை வாய் நிறையச் சொன்னாள். ரெபேக்காவின் கால் கேட்டருகே நின்றுவிட்டது.

தெய்வாத்தாள் வந்த வேகத்திலேயே மாடிக்குத் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் அங்கே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றுகிற சத்தம். ரெபேக்கா உள்ளே போய்ச் சாமானைக் கட்டும்போதும் அது நிற்கவில்லை. மாடிக் குழாயிலிருந்து பின்பக்கம் வடிந்த தண்ணீர் கறுப்பாக இருந்தது. படிக்கட்டில் ஈரக் காலடிகள் மேலே ஏறிப் போயிருந்தன. இறங்கி வந்த அடி ஒன்றுகூட இல்லை.

அவள் அந்த அடிகளைப் பார்த்துக்கொண்டே ஏறினாள்.

மாடிக் குளியலறைக் கதவு திறந்திருந்தது. முக்காலியில் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். ஊறிப்போன வெள்ளைத் தோல். தெய்வாத்தாள் அவன் தலையில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு வடிந்துகொண்டே இருந்தது. நீர் தெளியவில்லை. வாடை, ஈரத் துணி மூட்டையின் வாடை, அறையை அடைத்துக்கொண்டு நின்றது. அவன் திரும்பவில்லை.

“கழுவக் கழுவ வந்துட்டே இருக்குதுங்க அம்மணி,” என்றாள் தெய்வாத்தாள், மெல்ல. “பேச்சும் கெடையாது. ஆனா சோறு உங்கறான். ஊட்டி விட்டா உங்கறான். எனக்கு அது போதுங்க.”

“இது பூபதிங்களா?” என்றாள் ரெபேக்கா.

தெய்வாத்தாள் எதையும் மறைக்கவில்லை. இனி மறைக்க என்ன இருக்கிறது? வால்பாறையிலிருந்து பிழைக்க வந்த ஒருவனை, வண்டிக்கு எதற்குத் தண்டச் செலவு என்று, சுத்தம் செய்ய அரங்கசாமி டேங்குக்குள் இறக்கினார். ஒரு கயிறுகூடக் கொடுக்கவில்லை. அவன் செத்தான். உடம்பைச் சொந்த ஊருக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் கழித்துக் குளியலறைத் துளையிலிருந்து, மேல வரட்டுங்களா என்று ஒரு குரல் கேட்டது. எல்லாருக்கும் மரியாதை கொடுத்தே பழகிய அரங்கசாமி, யார் என்னவென்று யோசிக்காமல் வாங்க என்றார்.

“அன்னைக்கே எம் பையனக் குழிக்குள்ள இருந்து கூப்பிட்டுதுங்க. அவங்கப்பன் கொரல்லயே கூப்பிட்டுது. போனான். அந்த ஆளு நனைஞ்சபடிக்கு எந்திரிச்சு, கேட்டத் தொறந்துட்டு நடந்து போனான். நாங்க ரெண்டு பேரும் பாத்துட்டே நின்னோம்.” அவள் மறுபடி ஒரு சொம்பு ஊற்றினாள். “ஒரு ஆளு மேல வரோணும்னா ஒரு ஆளு கீழ போகோணும். யாரு வாங்கன்னு சொல்றாங்களோ அவுங்க ஊட்டு ஆளு. என்ற பையன், ‘அம்மா, வரட்டுங்களா’ன்னு கேப்பான். நான் வாயப் பொத்திக்குவேன். சொன்னா என்ற ஊட்டுக்காரரு போயிருவாரு. எத்தன நாளு கேட்டான் தெரியுங்களா. வாய்ல துணிய வெச்சுட்டுக் கெடப்பேன்.”

“அதுக்கு எங்களக் கூட்டிட்டு வந்தீங்களா?” என்றாள் ரெபேக்கா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. “எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்லங்க?”

தெய்வாத்தாள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் இரக்கம் இருந்தது. அதுதான் பொறுக்க முடியவில்லை.

“கீழ போங்க கண்ணு,” என்றாள். “போயி உங்க பாத்ரூமுல கொஞ்ச நேரம் நில்லுங்க. அதுக்கப்புறம் வந்து என்னையத் திட்டுங்க.”

ரெபேக்கா கீழே வந்தாள். சாமான் மூட்டையைத் தூக்கினாள். குளியலறையைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். தாண்டினாள்.

“ரெபேக்கா.”

மூட்டை கையிலிருந்து நழுவியது.

“ரொம்பக் குளுருது அம்மணி.”

பிறகு ஒரு தும்மல். அவனுடைய தும்மல். கோடித் தும்மலில் அதை மட்டும் தனியாக எடுத்துத் தருவாள் அவள்.

“வரட்டுமா?”

வா என்ற எழுத்து அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போதுதான் கிணத்துக்கடவில் இருக்கும் அம்மாவின் முகம் தெரிந்தது. அவள் கொடியில் கிடந்த துண்டை இழுத்து வாய்க்குள் அடைத்துக்கொண்டு, ஈரத் தரையில் விழுந்தாள். துளையருகே கன்னத்தை வைத்துக்கொண்டாள். உள்ளிருந்து சில்லென்று மூச்சு வந்தது.

ரெபேக்கா நல்லவள்தான். அதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், இதற்குப் பிறகு சொல்ல வாய்ப்பில்லை.

அவள் மாடிக்குப் போய் யாரையும் திட்டவில்லை. சாமான் மூட்டையை அவிழ்த்தாள். கூட்டிப்போக வந்த அம்மாவைக் கேட்டோடு நிறுத்தி, ஒன்றும் பேச விடாமல் பஸ் ஏற்றி அனுப்பினாள். தினமும் துளையருகே உட்கார்ந்து கேட்டாள். அவன் தினமும் குளிருகிறது என்றான். வரட்டுமா என்றான். அவள் துணியைக் கடித்துக்கொண்டு அழுதாள். பிறகு ஒரு நாள் அழுகை நின்றது. மாடி ஏறிப் போய், முன்னறையை வாடகைக்கு விடலாமா என்று அரங்கசாமியிடம் கேட்டாள்.

“தாராளமா விட்டுக்குங்க அம்மணி,” என்றார் அவர், ரொம்பத் தன்மையாக.

தை மாதத்து வெயில் நேரத்தில் அவர்கள் வந்தார்கள். உக்கடத்திலிருந்து ஆமினா பீவியும் மகள் இஃப்ராவும். இஃப்ராவுக்குச் சிங்காநல்லூர்ப் பக்கம் நர்சிங் படிப்பு. தினமும் பஸ்ஸில் அலைய முடியவில்லை, தாயும் மகளும் இங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்று வீடு தேடினார்கள்.

ரெபேக்கா கேட்டைத் திறந்தாள். சிரித்தாள். கையை நீட்டி, உள்ளே போகும்படி சைகை காட்டினாள்.

ஆமினா பீவிக்கு அறை பிடித்துப்போயிற்று. காற்று வருகிறது, வெளிச்சம் வருகிறது. சுவரில் இருந்த ஸ்டீவின் படத்தைப் பார்த்தார். மாலை இல்லை.

“உங்க ஊட்டுக்காரருங்களா? வெளியூருங்களா?”

“இல்லீங்கம்மா,” என்றாள் ரெபேக்கா. “பக்கத்துலதான்.”

அவள் முகத்தில் என்ன தெரிந்ததோ, ஆமினா பீவி அவளருகே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “தனியாக் கெடந்து ரொம்ப எளச்சுப் போயிட்ட கண்ணு. இனிமே நான் இருக்கறேன். சோறு தண்ணி நான் பாத்துக்கறேன். என்னைய உங்கம்மா மாதிரி நெனச்சுக்க.”

அந்தக் கை சூடாக இருந்தது. யாரும் அப்படிக் கையைப் பிடித்து ரொம்ப நாளாகியிருந்தது. இவர்களை அனுப்பிவிடலாம், இப்போதே அனுப்பிவிடலாம் என்று ரெபேக்கா ஒரு நிமிடம் நிஜமாகவே நினைத்தாள்.

இஃப்ரா தண்ணீர் வசதி எப்படி என்று பார்க்கக் குளியலறைக்குப் போயிருந்தாள். குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

பிறகு இன்னொரு சத்தம்.

“ஏனுங்க.”

ரெபேக்கா ஆமினா பீவியின் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள்.

“ஏனுங்க, மேல வரட்டுங்களா?”

“ம்மா,” என்று உள்ளிருந்து இஃப்ராவின் குரல். “பின்னால யாரோ கூப்பிடறாங்க.”

“யாருன்னு கேளு கண்ணு,” என்றார் ஆமினா பீவி. “ஊட்டுக்காரங்களா இருக்கும். மரியாதையாப் பேசு.”

ஒரு வார்த்தை போதும். பேசாதே என்று ரெபேக்கா சொல்லியிருந்தால் போதும். அவள் தரையைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பார்ப்பவர்களுக்கு இருமலை அடக்குகிறாள் என்று தோன்றும்.

நன்றாக வளர்க்கப்பட்ட பெண் இஃப்ரா. கேட்டவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் பெரியவர் குரல், வாசலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்பது அழகல்ல.

“வாங்க,” என்றாள்.

குளியலறைத் துளைக்குள் யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

ரெபேக்கா எழுந்தாள். “டீ போட்டுட்டு வந்தர்றனுங்கம்மா, உக்காருங்க,” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். டீப் பாத்திரத்தை எடுக்கவில்லை. பெரிய அண்டாவை எடுத்து அடுப்பில் ஏற்றி, கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, தீயைக் கூட்டி வைத்தாள்.

அவனுக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது.